ஆட்காட்டியின் சிவப்பு முட்டைகள்

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், வெயிலில் காய்ந்து கிடந்தது ஒரு சரளை மேடு. அங்கே ஓர் ஆட்காட்டிப் பறவை நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கூடு கிடையாது. கற்களுக்கு நடுவே, கல் நிறத்தில், புள்ளி புள்ளியாய் வெறும் தரையில் கிடந்தன முட்டைகள். பெற்ற தாய்க்கே சில நேரம் இரண்டு முறை பார்த்தால்தான் தெரியும்.

அப்படி இருந்தும் ஆட்காட்டிக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. நத்தை ஊர்ந்து போனால்கூட, "எங்கே போறே? ஏன் இந்தப் பக்கம்? யார் அனுப்பினாங்க?" என்று வழி மறித்துக் கேட்கும்.

ஈஸ்டர் நெருங்கியது. காட்டோரத்து மாதா கோயில் மணியைக் கேட்டுக் கேட்டு, அந்தக் காட்டு விலங்குகளும் பண்டிகை கொண்டாடப் பழகியிருந்தன. குஞ்சு பொரித்தபின் கிடக்கும் ஓடுகளைப் பொறுக்கி, வண்ணம் பூசி, கொடியில் கோத்துத் தொங்கவிடுவது அங்கே வழக்கம்.

செல்வராணி என்ற முயல், காட்டுக் குட்டிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு, சரளை மேட்டுக்குப் பக்கத்து வேப்ப மரத்தடிக்கு வந்தது. புரசம் பூவை நசுக்கி ஆரஞ்சு நிறம் எடுத்தன. சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பிழிந்தால் பளீரென்று சிவப்பு வந்தது. அணில் குட்டி தன் வாலையே தூரிகையாக்கியது. முயல் குட்டிகள் ஓட்டுக்குப் பூசியதைவிட மூக்கில் பூசிக்கொண்டதே அதிகம். அந்தக் கூட்டத்தில் கீரிக் குட்டி ஒன்றும் இருந்தது, காதுவரை சிவப்பாக.

முட்டை தின்னும் அந்த இனத்தைக் கண்டதும் ஆட்காட்டி குறுக்கே ஓடி வந்தது.

"செல்வராணி! உனக்கு இவ்வளவு ஓடு எங்கேயிருந்து கிடைச்சுது?"

"பொரிச்சுப் போன கூட்டிலிருந்துதான் அக்கா. எல்லாம் காலி. உள்ளே இருந்தது உயிரோட வெளியே வந்துடுச்சுங்கிறதுதானே ஈஸ்டர்?"

"காலியா கிடந்துச்சா, இல்லே, நீங்க காலி பண்ணினீங்களா?"

"ஐயோ அக்கா, சின்னப் பிள்ளைங்க!"

"கீரி வீட்டுப் பிள்ளை என்ன பிள்ளை? அதோட வாயைச் சுற்றி என்ன சிவப்பு?"

"கள்ளிப் பழம், அத்தை" என்று நாக்கை நீட்டிக் காட்டியது கீரிக் குட்டி. "பூசத்தான் சொன்னாங்க. ருசியா இருந்துச்சு."

பிள்ளைகள் சிரித்தன. ஆட்காட்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

வேப்பங்கிளையில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. பல நாளாக அந்த மேட்டின் மேல் அதற்கு ஒரு கண். எத்தனை முறை வட்டமடித்தும் கற்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அது மெல்ல இறங்கி வந்தது.

"நீ சந்தேகப்படுறது நியாயம்தான் தங்கச்சி. நானும் இதுங்களைக் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நாளைக்கு அந்த ஓட்டுக் குவியல்ல ஒரு முட்டை சேர்ந்தா, உன்னுது எதுன்னு எப்படிக் காட்டுவே?"

ஆட்காட்டிக்கு மனம் குளிர்ந்தது. தான் சொன்னதை ஆமாம் என்று ஒத்துக்கொண்ட முதல் ஆள் இந்தக் காகம்தான்.

"என்ன பண்ணலாம் அண்ணே?"

"அடையாளம் வை. உன் முட்டைக்கு நீயே சாயம் பூசிடு. காணாமப் போனா, 'இதோ என்னுது'ன்னு எடுத்துக் காட்டலாம். நான் சாட்சி சொல்றேன்."

காகமே ஒரு கள்ளிப் பழத்தையும் கொண்டுவந்து போட்டது. "முட்டை எங்கேன்னு என்கிட்டே சொல்லாதே. யாரையும் நம்பாதே. என்னையும்தான்!" என்றது.

அதைக் கேட்டதும் ஆட்காட்டி காகத்தை முழுசாக நம்பிவிட்டது.

காகம் கண்ணுக்கு மறையும்வரை காத்திருந்துதான் பழத்தைப் பிழிந்தது. சற்று நேரத்தில், சாம்பல் கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகளும் தணல் போலச் சிவந்து கிடந்தன.

வெயில் ஏறியது. முட்டைகள் சூடாகாமல் இருக்க, நெஞ்சு இறகுகளை நனைத்து வர ஆற்றுக்குப் போனது ஆட்காட்டி. திரும்புவதற்குள் காகம் ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு அக்கரைக்குப் பறந்துவிட்டது.

ஆட்காட்டி போட்ட அலறலில் பிள்ளைகள் ஓடி வந்தன. மீதி மூன்று முட்டைகளையும் அது ஈர நெஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தது. சிவப்பு போகவில்லை.

"தேய்க்காதே அக்கா, இந்தச் சாயம் போகாது. மேலேதான் பூசணும்" என்றது செல்வராணி. "ஓடுங்க பிள்ளைங்களா! வண்டல் மண் கொண்டாங்க, கரி கொண்டாங்க!"

பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு விளையாட்டுதான். ஒன்று மண்ணைக் குழைத்தது. ஒன்று முட்டையில் மெழுகியது. சிவப்பு மறைந்து சாம்பல் நிறம் வந்தது. ஆனால் பக்கத்துக் கற்களோடு ஒட்டவில்லை.

"கரும்புள்ளி வேணும். புள்ளி வைக்கிறதிலே நம்ம கீரிப் பயல்தான் கெட்டிக்காரன்" என்றது செல்வராணி.

ஆட்காட்டி இறக்கையை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டது. ஒரு பக்கம் கீரியின் நகம். மறுபக்கம், ஆற்றின் மேல் காகத்தின் நிழல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அத்தை, நான் வாயை மூடிக்கிட்டே வைக்கிறேன்" என்றது கீரிக் குட்டி. சொன்னபடியே உதடுகளை இறுக மூடி, கன்னம் உப்ப நின்றது.

ஆட்காட்டி இறக்கையை மெல்ல எடுத்தது.

கீரிக் குட்டி கரியில் நகத்தைத் தோய்த்துத் தோய்த்துப் புள்ளி வைத்தது. கடைசிப் புள்ளி வைத்து முடித்ததும்தான் 'ஹா' என்று மூச்சு விட்டது.

காகம் வந்தது. மேட்டின் மேல் வட்டமடித்தது, தாழ இறங்கியும் பார்த்தது. "தங்கச்சி, மீதி மூணும் எங்கே?" என்று கத்தியது. கீழே கற்கள் கிடந்தன. ஆட்காட்டி தள்ளிப்போய்ப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது.

அந்த ஈஸ்டருக்குப் பிள்ளைகள் தீட்டியதிலேயே சிறந்த ஓவியம் யார் கண்ணிலும் படவில்லை.

நீதி: எல்லோரையும் சந்தேகிக்கிறவர், தம் சந்தேகத்துக்கு ஆமாம் போடுகிறவரை மட்டும் சந்தேகிக்க மறந்துவிடுகிறார்.