கிடாக்குட்டிகள் போன வழி

முன்னொரு காலத்தில் கடம்பவேலி நாட்டைக் கொற்றவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், கஞ்சி ஆறுவதற்குள் வேறொன்று சொல்வான். அவனுக்குத் தன் மான்காடு என்றால் உயிர். அந்த வருசம் அங்கே தாய்மான்கள் எல்லாம் அப்படியே இருக்க, கொம்பு முளைக்கிற வயசுக் கிடாக்குட்டிகள் மட்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

சபையில் அளகேசர் என்று ஒரு பிரதானி. அவர் மானைக் கிட்டத்தில் பார்த்தது கறிச்சட்டியில்தான். பேச்சு மட்டும் மானுக்கே பால் கொடுத்து வளர்த்தவர் மாதிரி இருக்கும்.

"மகாராஜா, காவல்காரன் சடையாண்டி விற்றுத் தின்கிறான்! 'தாயே விரட்டுது'ன்னு புளுகுகிறான். பெற்றவள் பிள்ளையை விரட்டுவாளா? நாலு முழ வேலியைக் குட்டி தாண்டுமா? காவல் இருக்கையில் குட்டி குறைந்தால் காவல்காரனே திருடன்!"

"ஆமாம், ஆமாம். வெள்ளிக்கிழமை அவன் தலையை எடுங்கள்" என்றான் ராஜா.

சடையாண்டியைக் கட்டிப்போட்ட சேதி கேட்டதும் அவன் மனைவி பூவாத்தா, இடுப்பில் கைக்குழந்தையோடு சபைக்கு வந்து நின்றாள்.

"சாமி, ஐயா சொன்ன சட்டத்தை ஓலையில எழுதச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஐயாவே காவல் இருக்கட்டும். இன்னும் மூணு கிடாக்குட்டி மிச்சம் இருக்கு. மூணும் அங்கேயே நின்னுட்டா, என் தலையையும் சேர்த்து எடுத்துக்குங்க."

"நின்னுட்டாவா? நெய்ப்பொங்கல் வைத்தால் எது போகும்? நாட்டுப்புறத்துக்கு மானைப் பற்றி என்ன தெரியும்!" என்று அளகேசர் மீசையைத் தடவினார். ஓலை எழுதியாயிற்று.

வருகிற வழியில் தாய்மான்களின் வயிறு கனத்துத் தொங்குவதைப் பூவாத்தா பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அடுத்த ஈற்றுக்கு நாள் நெருங்கினால் அவை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் நாள் அளகேசர் வெள்ளித்தட்டில் பொங்கலோடு போனார். மான் ஓரிடத்தில் உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிற ஜாதியா? இங்கே ஒரு கொழுந்து, அங்கே உதிர்ந்த பூ ரெண்டு, நடந்துகொண்டே மேயும். "ஒரே வாய், என் ராசா!" என்று முள்ளில் வேட்டி கிழிய இவர் பின்னாலேயே ஓடினார். பொங்கலைக் காக்காய் தின்றது.

மறுநாள் ஒரு தாய்மான் தன் கிடாக்குட்டியை முட்டித் தள்ளியது. "அம்மா தாயே, பெற்ற பிள்ளையம்மா!" என்று குறுக்கே போனவருக்கு முழங்காலில் ஓர் உதை. அதற்குள் பெரிய கிடா கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வர, பிரதானி வேலமரத்தில் ஏறிவிட்டார். அங்கே இருந்தபடியே பார்த்தார். மூன்று குட்டிகளும் வாசற்படி தாண்டுகிற மாதிரி வேலியைத் தாண்டி மலைப்பக்கம் போயின.

வெள்ளிக்கிழமை சபை கூடியது.

"குட்டிகள் எங்கே ஓய்?"

"இல்லை, மகாராஜா..."

ராஜா ஓலையைப் படிக்கச் சொன்னான். வெட்டுகிறவன் ஓரடி முன்னால் வந்தான். அளகேசர் தடாலென்று காலில் விழுந்தார்.

"நான் திருடலை! தாயே முட்டி விரட்டுது, பெரியது துரத்துது, காலு வளர்ந்தது தாண்டி ஓடுது. வேற காடு தேடிப் போறதை யாரால நிறுத்த முடியும்?"

"என் வீட்டுக்காரர் சொன்னப்போ புளுகு, நீங்க சொன்னா மட்டும் மெய்யா ஐயா?" என்றாள் பூவாத்தா.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா அப்போதே சடையாண்டியை அவிழ்த்துவிடச் சொல்லி, மான்காட்டை ஒட்டிய நஞ்சையைப் பூவாத்தா பெயருக்கு எழுதினான். பிறகு அளகேசரிடம் திரும்பினான்.

"அந்த ஏழை மேல் உமக்கு என்னய்யா பகை?"

"பகை இல்லை... அந்த வேலையை என் மகனுக்கு..."

"மகனுக்கு என்ன வயசு?"

"முப்பத்திரெண்டு."

"இப்போது என்ன செய்கிறான்?"

"வீட்டில்... அவன் அம்மா ஊட்டிவிடுகிறாள்."

பூவாத்தா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சாமி, அந்தம்மாவை ஒரு நாள் எங்க காட்டுக்கு அனுப்புங்க. தாய்மான் எப்படி முட்டுதுன்னு பார்த்துட்டுப் போகட்டும்."

ராஜா அனுப்பவே வேண்டியிருக்கவில்லை. பேச்சு காதில் விழுந்த மறுநாள் காலையில், விடிந்தும் விடியாமல், அந்தம்மா தானாகவே வந்து வேலியோரம் நின்றாளாம்.