எல்லையைப் பூட்டிவைத்த கொம்பையா

கூழையூர்ச் சீமையின் சேனாபதி கொம்பையாவுக்குப் புத்தி எவ்வளவு என்று கேட்காதீர்கள். மீசையைக் கேளுங்கள், சொல்கிறேன். இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் நிற்கும். அந்த மீசைக்குத்தான் ஆபத்து வந்தது.

பக்கத்துச் சீமைக்காரன் ஒவ்வொரு உழவுக்கும் எல்லைக்கல்லைப் பிடுங்கி, ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளி நட்டுக்கொண்டே வந்தான். ராஜா கொதித்துப்போனார்.

"கொம்பையா! வேலும் கம்பும் இனிமேல் உதவாது. படையை நவீனமாக்கு. இரும்புக் கதவு, பெரிய பூட்டு, பீரங்கி, என்ன வேணுமோ வாங்கிக்கோ. ஆனா ஒரு எல்லைக்கல் மேலே எதிரி கை பட்டுது, உன் மீசையைச் சிரைச்சுடுவேன்!"

கொம்பையா விழுந்தடித்து ஓடினான். படையைக் கூட்டினான். படை என்றால் பலவேசம், பெத்தணன், இன்னும் கொஞ்சம் பேர்.

"கல்லு காட்டிலே கிடக்கு. பூட்டு கையிலே இருக்கு. எப்படிலே பூட்டுறது?"

பெத்தணன் வெகுநேரம் தாடையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, நகையைக் காட்டிலே போட்டுட்டா காவல் இருக்கோம்? வீட்டுக்குள்ளே வச்சுப் பூட்டலியா?"

"அட, மூளைக்காரா!" என்று அவனைக் கட்டிக்கொண்டான் கொம்பையா.

மாட்டுவண்டிகளைக் கட்டிக்கொண்டு போய், எல்லாக் கல்லையும் பிடுங்கி வந்தார்கள். ஆயுதக் கொட்டடியில் இடம் போதவில்லை. அதனால் என்ன, புதுப் பீரங்கியை மழையில் தள்ளிவிட்டார்கள். வடக்கெல்லைக் கல் வடக்குச் சுவரோரம், தெற்கெல்லைக் கல் தெற்குச் சுவரோரம். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா! பிறகு மொத்தப் படையும் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டது.

திடீரென்று பலவேசம் ஓவென்று அழுதான்.

"என்னலே?"

"அண்ணாச்சி, கல்லுக்கு உள்ளே இருக்கிறதுதானே நம்ம நாடு?"

"பின்னே?"

"என் வீடு வெளியே இருக்கே! எம் பொஞ்சாதி அயல்நாட்டுக்காரி ஆயிட்டாளே!"

கொம்பையா ஆழமாக யோசித்தான். "அழாதே. அவ சோறு கொண்டுவந்தா சுங்கம் கேக்காம விட்டுருவோம்."

இதற்குள் பக்கத்துச் சீமை ராஜா படையோடு புறப்பட்டு வந்தார். எல்லை எங்கே, எங்கே என்று தேடியவர், ஒரு கல்லும் தட்டுப்படாமல் அரண்மனைக்கே வந்து சேர்ந்துவிட்டார். நம் ராஜா தலைதெறிக்க ஓடிவந்து கொட்டடிக் கதவை இடித்தார்.

"கொம்பையா! எதிரி என் ஊஞ்சல்லே உக்காந்து ஆடுறான்! வெளியே வாடா!"

"எல்லை தாண்டி எப்படி மகாராஜா வர்றது? தப்பில்லையா? கல்லெல்லாம் பத்திரம். எவன் கையும் படலே."

"அட மடையா! கதவைத் திற, உன் மீசையைச் சிரைக்கிறேன்!"

கொம்பையாவின் கை தானாக மீசைக்குப் போனது. ஐயோ, இதுவும் போனால் தன்னிடம் என்னதான் மிச்சம்? பயத்தில் அவனுக்கு மூளை வேலை செய்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். ராஜா கல்லுக்கு வெளியே நின்றார்.

"மன்னிக்கணும். நீங்க நிக்கிறது வெளிநாடு. வெளிநாட்டு ராஜா எங்க நாட்டு மீசையிலே தலையிட முடியாது."

யோசிக்க யோசிக்க, ராஜாவுக்கு அவன் சொல்வது சரியாகத்தான் பட்டது. நேரே அரண்மனைக்குத் திரும்பி, ஊஞ்சலில் எதிரி ராஜாவைக் கொஞ்சம் நகரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, உன் படையை எனக்குக் கொஞ்சம் கடன் கொடேன்," என்றார். "இங்கே பக்கத்திலே ஒரு நாடு இருக்கு. சின்னதுதான். ஆனா எல்லைக் காவல் என்ன கட்டுங்கிறே! பிடிச்சா அப்படி ஒரு நாட்டைப் பிடிக்கணும்."