புழு தூங்கும் வீட்டில் ஒரு வழக்கு

லூசாங் மாவட்டத்தில் ஆகாயத்தைவிட முசுக்கட்டை மரங்கள் அதிகம் என்று சொல்வார்கள். அது பொய். ஆகாயம் ஒரு கை அகலம் அதிகம். மற்றபடி எங்கு பார்த்தாலும் அந்த மரம்தான். அதன் இலையைத் தின்னும் பட்டுப்புழுவை நம்பித்தான் சீன தேசத்தின் அந்த மூலையே சாப்பிட்டது.

அந்த மாவட்டத்துக்குப் புதிதாக ஒரு நீதிபதி வந்தான். பெயர் ஷென் யூ, வயது முப்பத்தெட்டு. தலைநகரத்தில் பிறந்து, தலைநகரத்தில் படித்து, பதினொரு தேர்வு எழுதித் தேறி, பட்டு அங்கியும் விறைத்த கறுப்புத் தொப்பியும் வாங்கிக்கொண்டு வந்தவன். பட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கடைத்தெருவிலிருந்து என்பான்.

அவனுக்குப் பாடம் சொன்ன ஆசான் மாவ் அதே மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். பல்லெல்லாம் போனபிறகு தலைநகரம் எதற்கு என்று ஊருக்குத் திரும்பிவிட்டவர்.

வசந்தம் முடிகிற சமயம் ஒரு நாள் காலை, ஷென் ஒரு காகிதத்தோடு அவர் வீட்டுக்கு வந்தான்.

"ஆசானே, ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறேன். முத்திரை வைப்பதற்குமுன் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி."

"கேள்."

"பெண்ணானவள் பிறந்த வீட்டில் தகப்பன் சொல் கேட்க வேண்டும். புகுந்த வீட்டில் கணவன் சொல். கணவன் போனபின் மகன் சொல். சரிதானே?"

"அப்படித்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்."

"இந்தக் கிராமத்தில் சுயின் என்று ஒருத்தி இருக்கிறாள். தகப்பன் இல்லை. கணவன் போன வருஷம் இறந்துவிட்டான். மகனும் இல்லை, ஒரே ஒரு பெண் குழந்தை. மூன்று பேரும் இல்லாதவள் யார் சொல் கேட்பாள்?"

ஆசான் கஞ்சியை ஊதிக் குடித்தார். "நீ என்ன எழுதியிருக்கிறாய்?"

"கணவனின் அண்ணன் ஃபெங் சொல் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். வீடும் முசுக்கட்டைத் தோப்பும் அவன் கைக்குப் போகும். மனு கொடுத்தவனும் அவன்தான். பத்து நாள் முன்னால் அவன் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். மூத்தவன் என்றும் பார்க்காமல் அவள் முகத்தில் அடித்ததுபோல் கதவைச் சாத்திவிட்டாளாம்."

"அவளை விசாரித்தாயா?"

"விசாரிக்க ஆள் வேண்டுமே. நீதிக் கச்சேரியில் பாதிச் சேவகர்கள் வருவதில்லை. ஏன் என்று கேட்டால் புழு மாதம் என்கிறார்கள். சோம்பேறிகள். நான்கு பேரை வெயிலில் நிற்கவைத்தேன்."

ஆசானுக்குக் கஞ்சி புரையேறிவிட்டது. வெகுநேரம் இருமினார். பாதி இருமல், பாதி சிரிப்பு.

"வா. அவள் வீடு வரைக்கும் போய்வரலாம்."

"தீர்ப்பு எழுதியாயிற்று, ஆசானே. ஃபெங்கிடம் படித்துக் காட்டி, நண்பகலில் அறிவிப்பதாகச் சொல்லியும் விட்டேன்."

"எழுதினது எங்கும் ஓடிவிடாது. நடந்துவிட்டு வா."

சுயினின் வீடு தோப்பின் நடுவில் இருந்தது. சுற்றி மூங்கில் வேலி. வேலிப்படலில், உள்ளே புழு வளர்கிறது என்பதற்கு அடையாளமாக, ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஆசான் அதைக் கண்டதும் நின்று மரச்செருப்பைக் கழற்றினார். ஷென் படலைத் தள்ளக் கை நீட்டினான்.

"அங்கேயே நில்லுங்க."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல். உரத்த குரல் இல்லை. தொட்டிலில் குழந்தை தூங்கும்போது பேசுகிற குரல்.

"நான் இந்த மாவட்டத்து நீதிபதி," என்றான் ஷென், நீதிபதிகள் பேசும் குரலில்.

"யாரா இருந்தாலும் மெதுவா பேசுங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

ஷென் எத்தனையோ பேரை விசாரித்திருக்கிறான். இந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. வாய் தானாகப் பதில் சொன்னது.

"வறுத்த மீன். கொஞ்சம் பூண்டு."

"பின்னால போங்க. இன்னும். அந்தப் பெரிய மரத்துக்குப் போயிடுங்க. காத்து இங்கிருந்து அங்கே வீசுது, அதனால அங்க நிக்கலாம். மேல ஏதாச்சும் வாசனை போட்டிருக்கீங்களா?"

"கஸ்தூரி. அங்கிக்குப் புகை போட்டது."

"கழட்டிடுங்க."

"என்ன?"

"அங்கியை. புழுவுக்கு வாசனை ஆகாது. தோப்புக்கு வெளியே எங்கயாச்சும் மாட்டிட்டு வாங்க. செருப்பையும் விட்டுருங்க. தொப்பி இருக்கட்டும்."

ஷென் ஆசானைப் பார்த்தான். ஆசான் ஒரு எறும்பை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஷென் போய் அங்கியைக் கழற்றித் தோப்புக்கு வெளியே ஒரு கிளையில் மாட்டினான். தீர்ப்புக் காகிதத்தை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டான். உள்சட்டையும் தொப்பியுமாகத் திரும்பி வந்தபோது, ஆசான் அந்தப் பெரிய மரத்துக்கு இரண்டடி முன்னால் நின்றிருந்தார்.

"நீங்கள் மட்டும் ஏன் அங்கே நிற்கிறீர்கள்?"

"நான் குடித்தது வெறும் கஞ்சி. எனக்கு இரண்டடி சலுகை."

ஷென் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "ஒரு பெண் இப்படி ஆணையிடலாமா, ஆசானே?"

ஆசான் மரத்தில் சாய்ந்துகொண்டார்.

"வடக்கே ஒரு ராஜ்யம் இருந்தது. சின்ன ராஜ்யம். கிழக்கு எல்லையில் ராஜா தும்மினால் மேற்கு எல்லைக் காவலாளி 'நூறு' என்பான். அந்த ராஜாவுக்கும் உன் கோபம்தான். வருஷத்தில் ஒரு மாதம் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்களை வெளியே நிறுத்துவதாவது? பெண்களை எல்லாம் போகச் சொல்லிவிட்டுப் புழுவுக்கென்று ஒரு மந்திரி வைத்தார். மந்திரிக்குக் கீழே நாற்பது குமாஸ்தா. தினமும் காலையில் முரசடித்து, புழுக்களை வரிசையில் நிறுத்திப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்."

"புழுவுக்குப் பேர் ஏது?"

"வைத்தார்கள். பின்னே நாற்பது குமாஸ்தா எதற்கு?"

"பிறகு?"

"அந்த வருஷம் பனிக்காலத்தில் ராஜா காகித அங்கி போட்டுக்கொண்டு கொலுவிருந்தார். தூறல் போட்டால் சபை கலைந்துவிடும். அண்டை நாட்டுத் தூதுவன் வந்தபோது விளக்கை எல்லாம் தள்ளி வைத்தார்கள்."

ஷென்னுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வெளியே வராமல் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"கடைசியில்?"

"ராணி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ராஜா வெளியே நின்றார்."

"எத்தனை நாள்?"

"அதை ராணியைத்தான் கேட்க வேண்டும்."

ஷென் மூக்கிலிருந்து கையை எடுத்தான்.

"கதை நன்றாக இருக்கிறது. ஆனால் தீர்ப்பில் கதை எழுத முடியாது. சட்டத்தில் இருப்பது தகப்பன், கணவன், மகன். மூன்று பேரும் இல்லை என்றால் நான் யாரையாவது எழுதித்தானே ஆக வேண்டும்?"

"எழுதித்தான் ஆக வேண்டும்," என்றார் ஆசான். எறும்பு இன்னும் போய்க்கொண்டிருந்தது.

அப்போது தோப்பின் மறுகோடியில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. முன்னால் ஃபெங், புதுச்சட்டை போட்டுக்கொண்டு. பின்னால் நான்கு பேர். இரண்டு பேர் தோளில் கழி. கழியில் தொங்கியது பெரிய வெண்கலச் சேகண்டி.

வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஐயா, யாரோ வர்றாங்களா?"

"ஃபெங் வருகிறான்," என்றான் ஷென். "கூட நான்கு பேர். ஒரு சேகண்டி."

 உள்ளிருந்து, அதே தாழ்ந்த குரலில், ஆனால் ஒவ்வொரு சொல்லாக:

"புழு எல்லாம் நாலாவது தூக்கத்துல இருக்கு. தோலுரிக்கிற தூக்கம். சாயந்திரம்தான் விழிக்கும். இப்ப ஒரே ஒரு அடி விழுந்தாலும் போச்சு. தூக்கத்துல அதிர்ந்த புழு கூடு கட்டாது. கூடு இல்லைன்னா நான் கச்சேரிக்குக் கட்டவேண்டிய வரித்துணி இல்லை. வரித்துணி கட்டாத வீட்டை மூத்தவர் எடுத்துக்கலாம்னு ஊர் வழக்கம். உங்க காகிதம்கூட அவருக்கு வேண்டியிருக்காது."

"சேகண்டி அடித்தால் புழு கூடு கட்டாது என்று ஃபெங்குக்குத் தெரியுமா?"

"இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவருங்க அவரு."

ஷென் சேகண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"போய் நிறுத்துங்க, ஐயா. கத்தக்கூடாது."

நீதிபதி ஓடினான். ஓடுகிற வேகத்தில் காலில் குத்தியது முள்ளா கல்லா என்று பார்க்கவில்லை. அதற்குள் ஃபெங் தடியை ஓங்கிவிட்டான். புதிதாகப் பொறுப்பேற்கும் வீட்டுக்குள் சேகண்டி முழக்கிக்கொண்டு நுழைவது அந்தப் பக்கத்து மரபு. அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஷென் தலையிலிருந்த தொப்பியை உருவி, தடிக்கும் சேகண்டிக்கும் நடுவே நீட்டினான். தடி தொப்பியின்மேல் விழுந்தது. தொப்பிக்குள் அவன் கட்டைவிரல் இருந்தது.

வலி உச்சந்தலை வரை போய், கத்துவதற்கு இடம் கிடைக்காமல் திரும்பி வந்தது. ஷென் ஒற்றைக்காலில் நின்று, கண்ணை மூடி, ஏதோ ஒரு தேர்வுக்குப் படித்த பாட்டை மனத்துக்குள் முழுக்கச் சொல்லி முடித்தான்.

"நீதிபதி ஐயா, என்ன இது?" என்றான் ஃபெங் உரக்க.

"மெதுவா," என்றது வீட்டுக்குள்ளிருந்து வந்த குரல்.

ஃபெங்கின் குரல் தானாக இறங்கியது. முப்பது வருஷமாக அவன் வீட்டிலும் இந்த மாதத்தில் அந்தச் சொல் இருந்துகொண்டே இருக்கிறது, காது பழகியிருந்தது. கழி தூக்கி வந்த இருவரும் சேகண்டியை மெல்லப் புல்லில் இறக்கிவைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள்.

"நீங்கள் ஏன் கழற்றுகிறீர்கள்?" என்று கேட்டான் ஷென்.

"எங்க வீட்டுலயும் புழு தூங்குதுங்க," என்றான் ஒருவன் கிசுகிசுப்பாக. "இங்க புழு விழிச்சிருக்குன்னு சொல்லித்தான் ஃபெங் கூட்டிட்டு வந்தாரு. தூங்குற வீட்டுக்குச் சேகண்டி தூக்கிட்டு வந்தேன்னு என் பெண்டாட்டிக்குத் தெரிஞ்சா, அடுத்த வருஷம் வரைக்கும் எனக்குச் சோறு கிடையாது."

அந்தப் பெரிய மரத்தடியில் விசாரணை நடந்தது. லூசாங் மாவட்டத்தில் அப்படியொரு விசாரணை அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. நீதிபதி உள்சட்டையோடு, வாதி வெறுங்காலோடு, சாட்சிகள் நான்கு பேர் குத்துக்காலிட்டு. அத்தனை பேரும் கிசுகிசுத்தார்கள். பிரதிவாதி மட்டும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

"மூத்தவர் வந்தபோது கதவைச் சாத்தினாயாமே?" என்றான் ஷென், வீட்டுப் பக்கம் பார்த்து. "யார் உத்தரவில் சாத்தினாய்?"

"உங்க சேவகங்க யார் உத்தரவுல கச்சேரிக்கு வரலை, ஐயா?"

"அவர்கள் வீட்டில் பெண்கள் இலை பறிக்கச் சொல்லி..."

ஷென் பாதியில் நிறுத்தினான். வெயிலில் நிற்கவைத்த நான்கு பேரின் முகமும் நினைவுக்கு வந்தது. அவர்கள் சாயந்திரம் வீட்டுக்குப் போய் என்ன திட்டு வாங்கியிருப்பார்கள் என்று இப்போது புரிந்தது.

ஃபெங் முன்னால் நகர்ந்தான். கிசுகிசுப்பிலும் அவனால் அதட்ட முடிந்தது.

"இதெல்லாம் ஒரு மாசத்துக் கூத்துங்க. மாசம் முடிஞ்சா? இவளுக்குத் தகப்பன் இல்லை, புருஷன் இல்லை, மகன் இல்லை. இவ யார் சொல் கேட்பா? அதைச் சொல்லிட்டு எனக்குத் தீர்ப்பு சொல்லுங்க."

தன் கேள்வியே இன்னொருவன் வாயிலிருந்து வந்தபோது ஷென்னுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கேள்வி கேள்விதான். ஆசான் பக்கம் திரும்பினான்.

"காலையில் நான் கேட்டதும் இதைத்தான், ஆசானே. நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை."

ஆசான் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். நசுங்கிய தொப்பி. அங்கி இல்லாத உடம்பு. வீங்கிய கட்டைவிரல். வெறுங்கால்.

"நீ இங்கே யார் சொல் கேட்டு நிற்கிறாய்?"

ஷென் தன் வெறுங்காலைப் பார்த்தான். பிறகு வீட்டுக் கதவைப் பார்த்தான்.

காற்று மரத்துக்கு மரம் தாவிப் போனது. குத்துக்காலிட்டிருந்த நான்கு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் தோள் மட்டும் குலுங்கியது.

"ஃபெங்," என்றான் ஷென், காற்றைவிடத் தாழ்ந்த குரலில். "உன் மனு தள்ளுபடி. வீடும் தோப்பும் சுயினுடையவை. அவள் வா என்று சொன்னால் இந்த வேலிக்குள் வா. சொல்லாவிட்டால் வராதே. புழு மாதத்திலும் சரி, மற்ற பதினொரு மாதத்திலும் சரி."

"எழுதி வச்ச தீர்ப்பு வேற மாதிரி இருந்துச்சே. நீங்களே படிச்சுக் காட்டினீங்களே."

ஷென் இடுப்பிலிருந்த காகிதத்தை உருவினான். நல்ல தடித்த காகிதம், தலைநகரத்துச் சரக்கு. இரண்டு கையாலும் பிடித்து, நடுவே கிழிக்கப் போனான்.

ஆசான் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இங்கே வேண்டாம்," என்றார். "சத்தம் கேட்கும்."