அணில் வாங்கிய கோரைத் தட்டி

காட்டோரக் குளத்தங்கரையில் ஓர் இலுப்பை மரம். அந்த மரத்தில் ஒரு பொந்து. அந்தப் பொந்தில் கொறியன் என்ற அணிலும் அவன் மனைவி தாழையும் புதிதாகக் குடிவந்திருந்தார்கள்.

நல்ல பொந்துதான். மழைக்கு ஒழுகாது, பாம்பு ஏறாது. ஒரே ஒரு குறை. வாசல் மேற்கே பார்த்தது.

கார்த்திகையில் குடிவந்தவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது? சித்திரை பிறந்ததும்தான் தெரிந்தது. உச்சி சாய்ந்தால் போதும், வெயில் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இருட்டுகிறவரை எழுந்து போகாது. அழைக்காமல் வந்த விருந்தாளிகூட அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்!

அந்தச் சமயம் பார்த்துத் தாழை மூன்று குட்டிகளை ஈன்றாள். கண் திறக்காத, ரோமம் முளைக்காத குட்டிகள். மூன்றில் கடைசிக் குட்டி பொடிசு. மற்ற இரண்டும் பாலுக்கு முட்டி மோதும்போது இது மட்டும் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். கொறியனுக்கு அதன்மேல்தான் உயிர்.

வேறு மரத்துக்குப் போய்விடலாமே என்று கேட்பீர்கள். எப்படிப் போவது? மேலே வல்லூறு வட்டமடித்துக்கொண்டே இருந்தது. குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வெட்டவெளியில் ஓடினால் அவ்வளவுதான்!

"என்னங்க, புள்ளைங்க வாயைத் திறந்து திறந்து மூச்சு விடுதுங்க. வாசலுக்கு ஒரு மறைப்பு கட்டுங்களேன்!" என்றாள் தாழை.

"இன்னைக்கே கட்டுறேன்! ஏனோதானோன்னு இல்ல, இந்தக் காட்டுலயே நல்ல தட்டியா வாங்கிட்டு வர்றேன்!" என்று கொறியன் கிளம்பினான். பத்து நாளாகப் பொறுக்கி வைத்திருந்த இலவம் பஞ்சு மூட்டையையும் தூக்கிக்கொண்டான்.

ஆலமரத்தில் ஊசிமூக்கி என்ற தையல்சிட்டு கடை வைத்திருந்தாள். திரையோ, தட்டியோ, தூளியோ, அவள் தைத்தால் நாலு மழைக்குத் தாங்கும். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் பொய் சொல்ல மாட்டாள்.

"வா தம்பி! உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம்?"

"அதெல்லாம் எதுக்கு அக்கா? நல்லதா ஒண்ணு எடுத்துக் காட்டுங்க!"

"வாசல் எதுன்னு தெரியாம தட்டி விக்கிறவ நான் இல்ல! எந்தப் பக்கம்னு சொல்லு!"

"மேற்கு."

"மேற்கா! அடப் பாவமே!" என்று ஊசிமூக்கி தலையில் இறக்கையை வைத்துக்கொண்டாள். "சாயங்கால வெயில் தாழ வரும், நேரா முகத்துல அடிக்கும். வாசல் முழுக்க மறைச்சாத்தான் தப்பிக்கலாம்."

கொறியன் கடையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பெரிய பெரிய தேக்கிலையில் தைத்த திரை ஒன்று கண்ணில் பட்டது. "இது அட்டகாசமா இருக்கே!"

"இருட்டு கட்டிக்கும், உண்மைதான். ஆனா காஞ்சு கறுத்த இலை வெயிலை வாங்கி வச்சுக்கும். காத்தும் நுழையாது. குட்டிங்களை அடுப்புல வச்ச மாதிரி ஆயிடும்!"

"அது என்ன பளபளன்னு?"

"பாம்புச் சட்டை. வெயிலைத் திருப்பி அனுப்பிடும். ஆனா உன் பொண்டாட்டி பார்த்தா மயங்கி விழுந்துடுவா, பரவாயில்லையா?"

கொறியன் நாலடி தள்ளி நின்றுகொண்டான். "வேண்டாம் அக்கா! இந்த வெட்டிவேர்த் தட்டி?"

"தண்ணி தெளிச்சுக்கிட்டே இருந்தா சொர்க்கம்தான். உங்க குளத்துல தண்ணி எவ்வளவு இருக்கு?"

"நடுவுல கொஞ்சம் கலங்கலா கிடக்கு."

"அப்போ அதுவும் தோதுப்படாது. இதைப் பாரு!" என்று அவள் ஒரு சுருளைப் பிரித்தாள். வெயிலில் வெளுக்க வைத்த கோரைப் புல்லை வரிசையாக அடுக்கி, நாரால் பின்னிய தட்டி. "வெளுத்த நிறம், சூட்டை வாங்காது. நடுநடுவே இடுக்கு இருக்கு, காத்து வரும். கயித்தை இழுத்தா சுருண்டுக்கும். உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

அவள் சொன்னதில் பாதிகூடக் கொறியன் காதில் விழவில்லை. அவன் கண் தட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. முள்முருங்கைப் பூவின் சாற்றில் தோய்த்த சிவப்புக் கரை! அடடா, என்ன சிவப்பு! கல்யாணப் பெண்ணின் புடவைக்குக்கூட அப்படி ஒரு கரை அமையாது.

பஞ்சு மூட்டையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"தம்பி, ஒண்ணை மட்டும் மறந்துடாதே! இதை வெளியே கட்டணும். வாசலுக்கு ஒரு வால் நீளம் முன்னால தொங்கணும். வெயில் வீட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே அதைத் தடுத்து நிறுத்தணும்! புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அக்கா, புரிஞ்சுது!" என்று அவன் ஓடியே போனான்.

வீட்டுக்கு வந்து வாசலுக்கு மேலே இருந்த கிளையில் ஏறினான். கயிற்றை முடிச்சுப் போடக் கையை நீட்டியவன் அப்படியே நின்றான். இவ்வளவு அழகான கரை! வெளியே கட்டினால் நாலு நாளில் வெளுத்துப்போகுமே! காக்கை எச்சமிடுமே! காற்று கிழிக்குமே!

"தாழை, இதை உள்ளேயே கட்டிடலாம்," என்றான்.

"தையல்கார அக்கா எங்கே கட்டச் சொன்னாங்க?"

"வெளியேன்னுதான் சொன்னாங்க. அவங்களுக்கு என்ன! பொருள் நம்மளது. உள்ளே கட்டினாலும் வெளியே கட்டினாலும் தட்டி தட்டிதானே?"

தாழைக்கு மனசு ஒப்பவில்லை. "யாரையாவது ஒரு வார்த்தை கேளுங்களேன்," என்றாள்.

பக்கத்துக் கிளையில் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "அண்ணே, தட்டியை உள்ளே கட்டினா சரியா இருக்கும்ல?" என்று கொறியன் கேட்டான்.

ஓணான் தலையை ஆட்டியது.

"பார்த்தியா! அண்ணனே சரின்னுட்டாரு!"

ஓணான் எப்போது தலையை ஆட்டாமல் இருந்திருக்கிறது? வெளியே கட்டட்டுமா என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருக்கும். மரத்தை விற்கட்டுமா என்று கேட்டாலும் ஆட்டும். தனக்குப் பிடித்த பதில் கிடைத்துவிட்டால் நாம் மட்டும் இரண்டாம் முறை கேட்கிறோமா என்ன?

தட்டி பொந்துக்குள்ளே, வாசலை ஒட்டித் தொங்கியது. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் வெயில் வழக்கம்போல வந்தது. வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தது, தட்டிமேல் விழுந்தது. உள்ளே வந்துவிட்ட சூட்டைத் தட்டி என்ன செய்யும்? பாவம், அதுவும் சேர்ந்து சுட்டது. அந்தச் சூடு பொந்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

தாழை தன் வாலால் குட்டிகளுக்கு விசிறினாள். வால் ஓய்ந்தால் கையால் விசிறினாள், கை ஓய்ந்தால் வாயால் ஊதினாள். கொறியனும் வாலால்தான் வேலை செய்துகொண்டிருந்தான். எதற்குத் தெரியுமா? தட்டியின் சிவப்புக் கரையில் படிந்த தூசியைத் தட்டுவதற்கு! எனக்கு வருகிற கோபத்துக்கு, அந்த வாலைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றலாம் போலிருக்கிறது.

"என்னங்க, முன்னைவிட இப்போதான் அதிகமா வேகுது," என்றாள் தாழை.

"இடுக்கு வழியா வெயில் வருது. அடைச்சா சரியாயிடும்!" என்றான். மறுநாள் தட்டியின் இடுக்கிலெல்லாம் இலையைச் செருகினான். வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் நின்றது.

மூன்றாம் நாள் பிற்பகல். தாழை ஒரு சத்தம் போட்டாள். அப்படி ஒரு சத்தத்தை அவன் அதுவரை கேட்டதில்லை.

"என்னங்க! பொடிசு பால் குடிக்க மாட்டேங்குது! தொட்டா அசைய மாட்டேங்குது!"

கொறியன் குட்டியைத் தொட்டுப் பார்த்தான். அனலாய்க் கொதித்தது. தலை துவண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூச்சு இருந்தது. இருக்கிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல்? தையல்சிட்டின் மேல்! ஒரே ஓட்டமாக ஆலமரத்துக்கு ஓடினான்.

"ஏமாத்திட்டீங்களே அக்கா! உங்க தட்டியால என் பிள்ளை சாகக் கிடக்கு!"

ஊசிமூக்கி தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பறந்தாள். அவன் வந்து சேர்வதற்குள் அவள் பொந்தின் வாசலில் இருந்தாள்.

"ஐயோ தம்பி! இதை ஏன் உள்ளே கட்டியிருக்கே?"

"வெளியே கட்டினா... கரை சாயம் போயிடுமேன்னு..." என்று கொறியன் இழுத்தான்.

ஊசிமூக்கி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"சாயம் போனா என்கிட்ட வா, மறுபடி தோய்ச்சுத் தர்றேன். பிள்ளை போனா யார்கிட்ட போவே?"

தாழை கொறியனைத் திட்டவில்லை, குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அடுத்த கணம் தட்டியை அவிழ்த்தான். செருகியிருந்த இலையையெல்லாம் பிடுங்கி எறிந்தான். கொதிக்கிற வெயிலில், கால் சுடுகிற கிளையில் ஏறி நின்றான். ஊசிமூக்கி நார் கொண்டுவந்து, கயிறு கோக்கத் தட்டியில் நாலு காது தைத்தாள். இரண்டு பேருமாகத் தட்டியை வாசலுக்கு ஒரு வால் நீளம் முன்னால் இறக்கிக் கட்டினார்கள். வெயில் தட்டியின் வெளிப்பக்கத்தோடு நின்றுகொண்டது. வாசலில் நிழல் விழுந்தது. இரண்டு பக்கமும் இருந்த சந்து வழியாகக் காற்று மெல்ல உள்ளே போனது.

கொறியன் அதோடு நிற்கவில்லை. குளத்துக்கு ஓடினான். வல்லூறையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. வாலை நனைத்துக்கொண்டு வந்து குட்டிகளின் உடம்பை ஒற்றி எடுத்தான். மறுபடி ஓடினான், மறுபடி நனைத்தான். எத்தனை தடவை ஓடினான் என்று அவனுக்கே தெரியாது.

"கண்ணு, அப்பாவை மன்னிச்சுடுடா. அப்பா முட்டாள்டா. எழுந்திருடா என் தங்கம்!" என்று அழுதுகொண்டே சொன்னான்.

பொந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. பெரிய குட்டிகள் இரண்டும் முதலில் நெளிந்தன. பொடிசு அசையவில்லை. தாழை அதன் நெற்றியை நக்கிக்கொண்டே இருந்தாள். ஊசிமூக்கி வாசலில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, பேசாமல் இருந்தாள்.

வெயில் இலுப்பை மரத்தின் இடுப்புக்கு இறங்கியபோது, பொடிசின் மூக்கு துடித்தது. பிறகு வாய் அசைந்தது. பிறகு, யாரையும் கேட்காமல், அம்மாவின் வயிற்றைத் தேடி ஊர்ந்து போய் முட்டியது.

"குடிக்குதுங்க! புள்ள பால் குடிக்குதுங்க!" என்று தாழை சிரித்தாள், அழுதாள். கொறியன் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஊசிமூக்கி மட்டும், "தூசி விழுந்துடுச்சு," என்று இறக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கொறியன் தினமும் உச்சிக்கு முன்னால் தட்டியை இறக்கினான், பொழுது சாய்ந்ததும் சுருட்டினான். சிவப்புக் கரை ரோஜா நிறமாகி, அதுவும் மங்கி, வெளுத்தே போயிற்று. ஒரு மூலையில் காக்கை எச்சமும் இட்டது. அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஒரு நாள் பிற்பகல், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, பொடிசு முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தது. கோரை இடுக்கு வழியே வந்த வெளிச்சம் பொந்தின் சுவரில் மெல்லிய கோடு கோடாக விழுந்திருந்தது. குட்டி அதைப் பிடிக்கக் கையை நீட்டியது. பிடிபடவில்லை. மறுபடி நீட்டியது. கொறியனும் தாழையும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, சத்தம் போடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம்மவர்களைக் காப்பாற்ற வாங்கிய பொருளை நாம் காப்பாற்றிக்கொண்டிருந்தால், காப்பாற்ற வேண்டியவர்களைக் கைவிட்டுவிடுவோம்.