சொல்லவிடாத சொல்

செவ்வாய்க் கிரகத்தில் ஆளில்லா வண்டி இறங்கப் போகிற அன்று சாயங்காலம், ஊரே பஸ் ஸ்டாண்டில் கட்டிய பெரிய திரைக்கு முன்னால் கூடியிருந்தது. அந்த வண்டியை இறக்குகிற இன்ஜினியர்களில் ஒருவனைப் பெற்ற ஆவுடையப்பன் மட்டும் மேடையிலிருந்து நழுவி, ஊருக்கு மேற்கே உள்ள பொத்தையில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். பொத்தை என்றால் பெரிய மலை ஒன்றுமில்லை, ஒரு பாறைக்குன்றுதான். ஆனால் பயந்தவன் கால்களுக்கு எல்லாமே மலைதான்.

பொத்தை மேலே ஒரு மடம். அதில் இருப்பவள் உலகம்மை. ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது, அவளுக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனாலும் அவர்தான் சிஷ்யர், அவள்தான் குரு. அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்கள் இருவருக்கும் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

உலகம்மை அடுப்படி வாசலில் உட்கார்ந்து உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், உரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மடத்தில் சாப்பாடு போடுகிற நாள். நிமிர்ந்து பார்த்தாள். ஜரிகை வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் கழற்ற மறந்த மாலை.

"என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை கணக்கா வந்திருக்கிய?"

"மேடையில உக்கார வச்சிட்டாவம்மா."

"பொறவு இங்க என்ன சோலி?"

"உங்க கையால நெத்தியில துன்னூறு பூசிட்டுப் போலாம்னு."

"கீழ கோயில்ல துன்னூறு தீந்து போச்சா?"

ஆவுடையப்பன் மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

கீழே மைக் அலறுவது இங்கே வரைக்கும் கேட்டது. ஒரு மாதமாகவே ஊர் இப்படித்தான் இருந்தது. செவ்வாய் என்றால் தோஷம் என்று மட்டுமே தெரிந்திருந்த ஊரில், இப்போது டீக்கடைக்கு டீக்கடை ராக்கெட் விஞ்ஞானிகள். "நம்ம குற்றாலநாதனுக்குச் செவ்வாய் தோஷத்தால கல்யாணம் தள்ளிப் போச்சு, அந்தச் சண்டைக்கு நேராவே வண்டி அனுப்பிட்டான்" என்று ஆவுடையப்பனின் மகனைப் பற்றிச் சலூனில் சொல்லிச் சிரித்தார்கள். தெருமுனை எங்கும் அவன் படம் போட்ட பிளெக்ஸ். ஆவுடையப்பனின் பாத்திரக்கடைக்கு வருகிறவர்கள் குக்கர் வாங்க வந்ததை மறந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவரும் அதில் நன்றாகவே குளிர்காய்ந்தார். அதை மறைப்பானேன்.

"அம்மா, வண்டி நல்லபடியா இறங்கிருமா?"

உலகம்மை ஒரு கத்தியை அவர் பக்கம் தள்ளினாள். "உரிங்க."

உரித்தார். தோலோடு பாதி உள்ளியும் போயிற்று.

"நீங்க ஒரு வார்த்தை வேண்டிக்கிட்டா எனக்குத் தைரியமா இருக்கும்."

"எப்ப இறங்குது?"

"பொழுது அடையுத நேரத்துல. ஆனா அங்க நடக்கது இங்க தெரிய பத்து நிமிசத்துக்கு மேல ஆவுமாம். அவ்வளவு தொலைவு. இங்க இருந்து ஒண்ணும் செய்ய முடியாதாம், அது தானா இறங்கணுமாம்."

"அப்ப இப்பவே அங்க முடிஞ்சிருக்கலாம்."

இது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். மேடையில்கூட அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயால் கேட்டபோதுதான் பயமாக இருந்தது.

"அப்படிச் சொல்லாதிய அம்மா."

"முடிஞ்சிருக்கலாம்னுதான சொன்னேன். அதுல என்ன தப்பு? மகன் பேசினானா?"

"நேத்துப் பேசினான்."

"என்ன சொன்னான்?"

ஆவுடையப்பன் கத்தியை நிறுத்தினார். இதைச் சொல்லத்தான் ஏறி வந்திருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் புரிந்தது.

"'எப்பா, ஒருவேளை நாளைக்கு'ன்னு ஆரம்பிச்சான். வாயை மூடுல, நல்ல காரியம் நடக்கப் போற நேரத்துல அபசகுனமா பேசாதன்னு அதட்டிட்டேன். அவங்க அம்மைகிட்ட போனைக் குடுத்தேன். அவ அதுக்கு மேல. வாயிலயே ரெண்டு அடி போட்டுக்கோன்னா."

"போட்டுக்கிட்டானா?"

"யாரு கண்டா. சரி வைக்கேன்னு சொல்லி வச்சிட்டான்."

அதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. பையன் என்ன சொல்ல வந்தான்? வண்டியில் ஏதாவது கோளாறு தெரிந்து வைத்திருக்கிறானா? இல்லை, வெறும் பயமா? சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போதும் வாசற்படியில் நின்று இப்படித்தான் ஏதோ சொல்ல வருவான். அப்போதும் அவர் காதில் வாங்கியதில்லை.

"என்னல சொல்ல வந்தன்னு கேட்டிருக்கலாம்லா?"

"அந்த வார்த்தையை எப்படிம்மா கேக்கது?"

"எந்த வார்த்தை?"

ஆவுடையப்பன் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"சொல்லுங்க. மடத்துல உங்களையும் என்னையும் விட்டா பூனைதான் இருக்கு."

"மாட்டேம்மா. என் வாயால வராது."

"சரி. நல்லபடியா இறங்கிட்டுன்னா என்ன சொல்லுவிய?"

அவர் முகம் தெளிந்தது. "எய்யா, நம்ம வம்சத்துக்கே பேரு வாங்கிக் குடுத்திட்டய்யா. உன்னைப் பெத்ததுக்கு நான் குடுத்து வச்சிருக்கணும்னு சொல்லுவேன். தாமிரத்துல ஒரு குடம் அடிக்கச் சொல்லியிருக்கேன், அதுல பேரு வெட்டி…"

"நல்லாருக்கு. இறங்கலைன்னா?"

ஆவுடையப்பன் ஒரு உள்ளியை எடுத்தார். வைத்தார். வேறு ஒன்றை எடுத்தார். கண்ணில் நீர் வந்தது. தோள்துண்டால் துடைத்துக்கொண்டு, "உள்ளி காரமான உள்ளி" என்றார்.

உலகம்மை அடுத்த உள்ளியை எடுத்தாள்.

அப்போது கீழே சரவெடி வெடித்தது. ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். மடியில் கிடந்த உள்ளியெல்லாம் சிதறி ஓடியது. "இறங்கிட்டும்மா! இறங்கிட்டு!" கையெடுத்துக் கும்பிட்டார், சிரித்தார், அழுதார். நேராக ஊரைப் பார்த்துத் திரும்பி வேட்டியை மடித்துக் கட்டினார்.

வெடி பாதியில் நின்றது. மைக்கில் ஒரு குரல் கத்தியது.

"ஏல, எவம்ல வெடியைப் பத்த வச்சது? இன்னும் இறங்கலல! பாராசூட் குடைதான் விரிஞ்சிருக்கு! அணைங்கல!"

ஊர் கொல்லென்று சிரிப்பது கேட்டது. பிறகு சிரிப்பும் அடங்கியது. மைக்கும் அடங்கியது. காலையிலிருந்து ஓயாத மைக். பொத்தையில் காற்று அடிப்பது அப்போதுதான் காதில் விழுந்தது.

ஆவுடையப்பன் நின்றபடியே காத்திருந்தார். மேளம் கேட்கவில்லை. மிச்ச வெடியும் வெடிக்கவில்லை. மேற்கே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

"நல்ல சேதின்னா இந்நேரம் வெடிச்சிருப்பாவல்லாம்மா?"

"எனக்கென்ன தெரியும்."

"ஒருத்தன்கூட எனக்குப் போன் பண்ணலையே."

"நீங்க பண்ணிக் கேளுங்க."

சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். பார்த்தார். எடுத்த மாதிரியே உள்ளே வைத்துவிட்டார். கேட்டால் தெரிந்துவிடும். தெரியாத வரைக்கும் ஒரு பக்கம் நம்பிக்கை மிச்சமிருக்கிறது. தரையில் குத்தவைத்துச் சிதறிய உள்ளியைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒன்றைப் பொறுக்கும்போதே இன்னொன்று கையிலிருந்து நழுவியது.

பையிலிருந்த போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். நாதன் என்று காட்டியது. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் அவருக்கு மணிச்சத்தமே கேட்கவில்லை. உள்ளங்கையில் போன் அதிர்வது மட்டும்தான் தெரிந்தது.

"அம்மா, எம் மகன்."

"எடுங்க."

"கட்டுப்பாட்டு அறையில போனெல்லாம் வாங்கி வச்சுக்கிடுவாவன்னான். வெளிய வந்திருக்கான். ஜெயிச்சிருந்தா இந்நேரம் வெளிய வருவானா?"

"எடுத்துக் கேளுங்க."

"இல்லம்மா. இது அடிச்சு ஓயட்டும். முதல்ல மைக்செட்டுக்காரன்கிட்ட கேட்டுக்கிடுதேன். இறங்கிட்டா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டு, அதுக்குத் தக்கன நானே அவனைக் கூப்பிடுதேன். ஒண்ணும் தெரியாம எடுத்து என்னத்தம்மா பேச?"

உலகம்மை கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"விழுந்திருந்தா வண்டிதான் விழுந்திருக்கும், அண்ணாச்சி. கூப்பிடுதது உங்க மகன்."