இளநீர்க் கூட்டுக்குள் ஊசி

ஊர்ப் பெயர் வேண்டாம்; குப்பை எல்லா ஊருக்கும் பொது. தாமிரபரணிக்குத் தெற்கே ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உலகம்மை என்றொருத்தி. மக்கும் குப்பைக்குப் பச்சை வாளி, மக்காததற்கு நீல வாளி என்று கொடுத்த நாள் முதல், அடுத்த வீட்டுப் பச்சை வாளியில் ஒரு ஷாம்பு பாக்கெட் கிடந்தாலும் அவள் வாய் சும்மா இராது.

அவளுக்கே விடை தெரியாத குப்பை ஒன்று இருந்தது. கணவர் சங்கரலிங்கத்துக்குச் சர்க்கரை, தினமும் இன்சுலின். போட்ட ஊசி பச்சையில் சேருமா, நீலத்தில் சேருமா? கேட்ட இடத்திலெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். சாதாரண ஊசி என்றால்கூடப் பரவாயில்லை. சங்கரலிங்கத்தின் ரத்தத்தில் கல்லீரலைக் கெடுக்கும் மஞ்சள்காமாலைக் கிருமி இருந்தது. அவருக்குப் போட்ட ஊசி யாரையாவது குத்தினால் அன்றைக்கே தடுப்பூசி போட்டாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளுக்கோ வரன் பார்க்கும் நேரம். "வெளிய மூச்சு விடமாட்டேன்னு மக தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றார் சங்கரலிங்கம். பண்ணினாள்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். குடித்து முடித்த இளநீர்க் கூட்டுக்குள் ஊசியைப் போட்டு, ஓட்டையில் வாழையிலைத் துண்டைச் சுருட்டி அடைத்துப் பச்சை வாளியில் போட்டாள். காகிதம் பச்சை வாளியில் சேராதே! யார் கையிலும் குத்திவிடக் கூடாது என்ற கவலைதான் அவளுக்கு. ஊசி எங்கே போகிறது என்று சங்கரலிங்கம் ஒருநாளும் கேட்டதில்லை. அதெல்லாம் அவள் பாடு.

ஆனால் குப்பை வண்டி தள்ளுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இளநீர்க் கூடு உரத்துக்குக் குப்பை அரைக்கும் இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும் என்பதால் அதைத் தனியே பொறுக்க வேண்டும். ஓட்டைக்குள் விரல் விட்டுக் கோத்தால் ஒரு கைக்கு இரண்டு கூடு தூக்கலாம். கையுறை வழுக்கும் என்று அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள், அந்தத் தெருவுக்கு வண்டி தள்ளும் சுடலைவடிவு. உலகம்மைக்கு இது தெரியாது.

சித்திரை வெயில். அன்று காலை மூன்று வீட்டு வாளிகளில் இளநீர்க் கூடு கிடந்தது. வடிவு மூன்றையும் வண்டி ஓரத்தில் குவித்துவிட்டு, தூக்குவதற்காக விரலை விட்டாள். இலைத் துண்டு உள்ளே போனது. "எம்மா!" என்ற அலறலில் தெருவே வெளியே வந்தது. விரல் நுனியில் ஊசி தொங்கியது.

"எந்த வீட்டு ஊசின்னு சொல்லிருங்க எக்கா, நான் ஏசமாட்டேன். கைப்புள்ளக்காரி நான். புள்ளைக்குப் பால் குடுக்கலாமான்னுகூடத் தெரியலையே!"

அது தன் வீட்டு ஊசி என்று உலகம்மைக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய் இப்படியா குரங்காய் முடியவேண்டும்! சொல்லத்தான் நினைத்தாள், மகள் முகம் கண்முன்னே வந்து நின்றது.

அப்போது எதிர்வீட்டுத் தேவசகாயம் வாத்தியார் முன்னால் வந்தார். அவரும் இன்சுலின் போடுகிறவர்தான். ஆனால் தன் ஊசிகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைப்பவர். உலகம்மை அந்த டின்னைப் பார்த்திருக்கிறாள்.

"அழாத தாயி. அது என் ஊசிதான். எனக்குச் சர்க்கரை மட்டுந்தான், அது ஒட்டுற சீக்கு இல்ல. உனக்கு ஒண்ணும் வராது" என்றார்.

அவள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்ன பச்சைப் பொய். வடிவு கண்ணைத் துடைத்தாள். "நல்லா இருப்பீக சார். ஆஸ்பத்திரிக்கு அலையணுமோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தேவிட்டாள். குழாயில் விரலைக் கழுவிக்கொண்டு வண்டியைத் தள்ளினாள்.

"தன் தப்ப ஒத்துக்கிட்டாரே, பெரிய மனுசன்" என்று வாசலில் நின்ற சங்கரலிங்கம் மெச்சினார். வண்டி தெருமுனையை நெருங்கிக்கொண்டிருந்தது.

கதை இங்கே நிற்கட்டும். ஊசியைக் கூட்டுக்குள் போட்டவள் ஒருத்தி. நோயை மறைக்கச் சொன்னவர் ஒருவர். இரக்கப்பட்டுப் பொய் சொன்னவர் இன்னொருவர். மூவரில் யாரும் வடிவுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஆனாலும் வண்டி நகரும் இந்த நொடியில் அவளுக்குப் பெரிய துரோகம் செய்துகொண்டிருப்பவர் யார்? சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

விடை: உலகம்மைதான். வாத்தியாருக்கு அந்த நோயைப் பற்றித் தெரியாது. சங்கரலிங்கத்துக்கு நோய் தெரியும், அது தன் ஊசி என்று தெரியாது. இரண்டும் தெரிந்தவள் அவள் ஒருத்தியே. ஊசியைக் கூட்டுக்குள் போட்டது அறியாமை, மன்னித்துவிடலாம். மூடியிருக்கும் வாய்க்கு அந்தச் சாக்கு கிடையாது. மகள் தலைமேல் சத்தியமாயிற்றே என்பீர்கள். பெற்றவள் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அடுத்தவள் பிள்ளையைப் பணயம் வைத்துக் காக்கிற சத்தியம் சத்தியமே அல்ல. நல்லவேளை, உங்களுக்கும் எனக்கும் முன்பே உலகம்மைக்கு இது உறைத்துவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஓடி வண்டிக்குக் குறுக்கே நின்றாள். "நில்லு வடிவு! அது எங்க வீட்டு ஊசி. அவுகளுக்குக் கிருமி இருக்கு. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போகணும், வா!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். பின்னால் சங்கரலிங்கம் வாசற்கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவைக் கைகாட்டினாள்.