நயினார் விளிம்பு

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகும் சாலையில், கார்களுக்குத் துரு எடுக்கும் பட்டறை ஒன்றைத் திரேசம்மாள் நடத்தி வந்தார். அந்தக் காற்றில் இரும்பு நெடுநாள் இரும்பாக இருப்பதில்லை. வெளியே தெரியும் துருவைத் தேய்க்க ஊரில் ஆட்கள் உண்டு. கை நுழையாத இடத்துத் துருவுக்கு, அதாவது கதவின் வயிற்றுக்குள்ளும், தகடுகள் சேரும் இடுக்கிலும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிக்குழலிலும் மறைந்திருப்பதற்கு, திரேசம்மாள் ஒருவர்தான்.

அவரிடம் நயினார் தொழில் கற்க வந்தபோது ஊர் சிரித்தது. சிரிக்கக் காரணம் இருந்தது. நயினார் திரேசம்மாளைவிட மிக மூத்தவர், பெயர்பெற்ற பெயிண்டர். அவர் பூசிய கதவைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். கதவின் அடிவிளிம்பில் நகத்தை ஓட்டினால் ஓரிடத்திலும் தடுக்காது. அதற்கு 'நயினார் விளிம்பு' என்றே பெயர்.

அந்தப் பெயரோடு இன்னொரு பேச்சும் ஒட்டிக்கொண்டே வந்தது. நயினார் பெயிண்ட் இரண்டு மழை தாங்காது. அடியில் கொப்புளம் விட்டு உதிர்ந்துவிடும். அந்தப் பேச்சு வளர்ந்து, கடைசியில் அவருடைய கடையை மூடியது.

வந்த அன்றே கேட்டார்.

"மேஸ்திரி, பெயிண்டில் நான் கலப்படம் பண்ணினது கிடையாது. தகட்டை வெள்ளி மாதிரித் தேய்ச்ச பிறகுதான் பெயிண்ட் அடிக்கிற கன்னைக் கையில எடுப்பேன். அப்புறமும் ஏன் உள்ளேயிருந்து கொப்புளிக்குது?"

"அந்தக் கம்பியை எடுங்க அண்ணாச்சி," என்றார் திரேசம்மாள்.

அது சைக்கிள் பிரேக் கம்பி. ஒரு நுனியின் இழைகளைத் துடைப்பம் போலப் பிரித்து, மறுநுனியை டிரில்லில் பூட்டியிருந்தார். அதைக் குழலுக்குள் விட்டுச் சுழற்றினால் உள்ளிருக்கும் துரு பொடியாகக் கொட்டும். பிறகு காற்றடித்து ஊத வேண்டும். துருவைக் கொல்லும் மருந்தைத் தெளித்துக் கழுவ வேண்டும். வெயிலில் உலர்த்தி, ஆஸ்பத்திரி டிரிப் குழாயை உள்ளே நுழைத்து எண்ணெய் பாய்ச்ச வேண்டும். இத்தனையும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வேலை. துரு இருக்கும்வரை கம்பி கரகரக்கும். சுத்தமான இரும்பைத் தொட்டதும் சத்தம் மெலிந்து கூர்மையாகும்.

கண்ணை நம்பியே பிழைத்த நயினார் காதை நம்பக் கற்றுக்கொண்டார். எளிதில் வரவில்லை.

"இன்னும் துரு இருக்கு," என்பார் திரேசம்மாள், பட்டறையின் மறுகோடியிலிருந்து.

"பார்க்காமலேயா சொல்லுதீங்க?"

"நீங்களும் பார்க்காமத்தானே தேய்க்கீங்க?"

மதியச் சாப்பாட்டின்போது நயினார் மறுபடி கேட்டார். "நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே மேஸ்திரி?"

"குழம்பை இந்தப் பக்கம் தள்ளுங்க," என்றார் திரேசம்மாள்.

ஒரு நாள் உப்பள முதலாளி வேதமுத்து, தம் தகப்பனார் காலத்துக் கறுப்புக் காரில் வந்து இறங்கினார். கதவுகளின் அடி முழுவதும் துரு.

"என்னவே நயினார், ஒண்ணாங் கிளாஸுல சேத்துக்கிட்டாங்களா?"

"சேத்துக்கிட்டாங்க முதலாளி. பாஸ் பண்ணத்தான் விட மாட்டேங்காங்க."

வேதமுத்து உரக்கச் சிரித்தார். "உம்ம பெயிண்ட் நிக்காதுன்னு ஊரே சொல்லுது. ஆனா அந்த விளிம்பு வேற எவனுக்கும் வராதுவே. துருவை இந்தம்மா எடுக்கட்டும், பெயிண்டை நீரு அடியும். மனசுக்குப் பிடிச்சுதுன்னா என் லாரி, வேன் எல்லாம் இனிமே உம்ம கைக்குத்தான்."

மூடிய கடையின் கதவு மீண்டும் திறக்கும் ஓசை நயினாருக்கு அப்போதே கேட்டது.

கதவுகளின் உட்புறத்தை அவரே சுத்தம் செய்தார். கம்பியின் சத்தம் கூர்மையாகும்வரை விடவில்லை. உள்ளே எண்ணெய் பாய்ச்சினார். பிறகு பெயிண்டுக்கு வந்தார். ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் சில நீளத் துளைகள் இருந்தன. அவற்றை அவர் யோசித்துப் பார்த்ததே இல்லை. பல் விழுந்த வாய் மாதிரி ஓர் அசிங்கம், அவ்வளவுதான். வழக்கம்போலப் பட்டிப் பசை வைத்து அடைத்தார், உப்புத்தாளால் தேய்த்தார், மேலே கறுப்பு அடித்தார். விளிம்பு வழவழவென்று வந்தது.

திரேசம்மாள் அன்று எதிர்ப்பக்கம் வேறொரு வண்டியின் அடியில் படுத்திருந்தார்.

காரை எடுக்க வந்த வேதமுத்து கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். ஒருமுனையிலிருந்து மறுமுனைவரை விரல் நிற்காமல் ஓடியது.

"வெண்ணெய்! வெண்ணெய்வே! திங்கட்கிழமை முதல் லாரியை அனுப்புதேன்."

திரேசம்மாளும் குனிந்து தடவினார். அவர் விரலும் நிற்காமல் ஓடியது. உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். கதவுக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள இடுக்கில் நிதானமாக ஊற்றினார்.

"ஏம்மா, கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?" என்று கத்தினார் வேதமுத்து.

"மழை இப்படித்தான் இறங்கும் முதலாளி. எந்தக் காரா இருந்தாலும் இறங்கும்."

செம்பு காலியானது. கதவின் அடியிலிருந்து ஒரு சொட்டுகூடத் தரையில் விழவில்லை. திரேசம்மாள் கதவை ஒருமுறை திறந்து மூடினார்.

உள்ளே சளக்கென்றது.

காதால் வேலை செய்யக் கற்ற நயினாருக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷமும் அவர் அடைத்த கதவுகளுக்குள் மழைத்தண்ணீர் இப்படித்தான் நின்று துருவேற்றியிருக்கிறது. ஆனாலும் முகம் சிவந்தது.

"முதலாளி முன்னாடியா மேஸ்திரி? தனியாக் கூப்பிட்டுச் சொன்னா ஆகாதா?"

திரேசம்மாள் ஒரு ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார்.

"ஒண்ணும் திறக்க வேண்டாம்!" என்று வேதமுத்து குறுக்கே வந்தார். "எனக்கு இந்த விளிம்புதான் வேணும். தண்ணி உள்ளே நின்னா நின்னுட்டுப் போகுது. கார் என்னோடது. நயினார், கையை வச்சீருன்னா லாரியும் கிடையாது, வேனும் கிடையாது. ஆமா!"

"கார் உங்களோடது. பட்டறை என்னோடது," என்றார் திரேசம்மாள். "அடைச்ச கதவு இங்கேயிருந்து வெளியே போகாது. அவர் திறக்கலைன்னா நான் திறப்பேன்."

நயினார் கதவைப் பார்த்தார். கறுப்புப் பளபளப்பில் அவர் முகம் தெரிந்தது. மீசையின் நரைகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டு மண்டியிட்டார். பட்டி எளிதில் உடையவில்லை. அவர் வேலை அப்படி. ஓங்கிக் குத்தினார். விளிம்பின் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்தது. எண்ணெய் மிதக்கும் தண்ணீர் அவர் முழங்கை வழியே வழிந்தது. அடுத்த துளையைக் குத்தினார். பிறகு யாரும் சொல்லாமலே அடுத்த கதவுக்கு நகர்ந்தார்.

"என் காருல ஓட்டை போடுதானே பாவி!"

"ஓட்டை காரைச் செஞ்சவன் போட்டது முதலாளி," என்றார் நயினார், தலை நிமிராமல். "அடைச்சதுதான் நான்."

"கை போச்சுவே உமக்கு. ஊரெல்லாம் சொல்லுவேன்."

"சொல்லுங்க. ரெண்டு மழை கழிச்சு வந்து காரைக் காட்டிட்டும் சொல்லுங்க."

கடைசிக் கதவையும் திறந்த பிறகு, துளைகளின் ஓரங்களுக்கு எண்ணெய் தொட்டுவைத்துவிட்டுத்தான் எழுந்தார். வேதமுத்து கதவை அறைந்து சாத்திக்கொண்டு புறப்பட்டார். கார் போன வழியெங்கும் சாலையில் ஈரப் புள்ளிகள் விழுந்துகொண்டே போயின.

நயினார் கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நான் வந்த அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அடைக்காமலே விட்டிருப்பேனே மேஸ்திரி!"

திரேசம்மாள் கம்பியை எடுத்து டிரில்லில் பூட்டினார்.

"விட்டிருப்பீங்க அண்ணாச்சி. திறந்திருக்க மாட்டீங்க."